அத்தாவின் மோரிஸ் மைனரும் நாங்கள் கேட்ட மன்னிப்பும்



பழைய கார் ஒன்றின் பேட்டரியை நாங்கள் தலைகீழாக இணைத்த கதை இது. அந்தத் தவற்றால் காருக்கு நேர்ந்த சேதத்தை ஒரே நாளில் சரிசெய்துவிட முடிந்தது. அதே தவற்றால் ஒரு மனிதருக்கு நாங்கள் இழைத்த சேதத்தைச் சரிசெய்யப் பல நாட்கள் ஆயின. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கள் அத்தா மர்ஹூம் ஆகி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனையூரில் அவர்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் வயலும் கண்மாயுமாக இருந்த இடம், 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்து இன்று நகரமாகவே ஆகிவிட்டது. கொல்லைப்புறத் தகரக் கொட்டகையும் அதற்குள் நிற்கும் மோரிஸ் மைனர் காரும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மோரிஸ் மைனர், அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1948-இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான சிறிய கார். பிரிட்டனில் முதன்முதலாகப் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட கார் இதுவே. எங்களுடையது 1955-ஆம் ஆண்டில் தயாரானது; 803 சி.சி. எஞ்சின், எம்.டி.யு. என்று தொடங்கும் பழைய மதுரைப் பதிவெண். நகரத்து வழக்கறிஞர் ஒருவரின் குடும்பத்திடமிருந்து அத்தா அதை வாங்கியபோது எங்களுள் மூத்தவர் கைக்குழந்தை. அம்மாவைப் பிரசவத்திற்கு அழைத்துச் சென்றதும், எங்களை மதரஸாவில் சேர்க்க அழைத்துச் சென்றதும் அந்தக் கார்தான்.

அதற்கு வைத்தியம் பார்த்தவர் ஒரே ஒருவர். கூடல்நகர்ப் பக்கம் சிறு பட்டறை வைத்திருந்த வயரிங் மேஸ்திரி. அத்தாவைவிடச் சில வயது இளையவர். அத்தாவை 'ராவுத்தர்' என்றும் எங்களைத் 'தம்பி' என்றும் அழைப்பார். அத்தாவின் கடைசி ஆண்டில் அந்தக் காரின் வயர்கள் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். அதற்காக அத்தா பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்ததாக அவர்களுடைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

அம்மாவின் பிறந்த வீடு காஜிமார் தெருவில் இருக்கிறது. அம்மாவின் தம்பி மகளுக்கு ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் நிச்சயமாயிற்று. அதற்கு அத்தாவின் காரில் போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்கள். எங்களிடம் அவர்கள் எதையும் கேட்பதில்லை. கேட்டது அந்த ஒன்றுதான். சகோதரர்கள் மூவரும் விடுமுறையில் ஒன்றுகூடினோம். பெட்ரோல் தொட்டியைக் கழுவினோம்; கார்புரேட்டரைத் துடைத்தோம்; புதிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கி வந்தோம்.

பானெட்டைத் திறந்து பழைய பேட்டரியைப் பார்த்தபோதுதான் பிரச்சினை தொடங்கிற்று. பேட்டரியின் நேர்முனை, அதாவது பிளஸ் குறியிட்ட முனை, தடித்த பட்டைக் கம்பி ஒன்றால் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. எதிர்முனையிலிருந்து செல்ப் மோட்டாருக்கு வயர் போயிற்று. நாங்கள் ஓட்டும் எல்லாக் கார்களிலும் எதிர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுள் ஒருவர் சொன்னார்: "கிழவருக்குக் கண் தெரியவில்லை. பதினெட்டாயிரத்தை வாங்கிக்கொண்டு உல்டாவாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்." மற்ற இருவரும் அதை மறுக்கவில்லை.

அவ்வளவோடு நிறுத்தியிருந்தாலும் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். அன்று அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் நின்றபோது, பழைய ஜீப் வைத்திருக்கும் உறவினரிடம் இதைச் சொன்னோம். தேநீர்க் கடையில் இன்னும் நால்வரிடம் சொன்னோம். 'அத்தாவை ஏமாற்றிவிட்டார்' என்ற சொல் எங்கள் வாயிலிருந்து எத்தனை முறை வந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கவே நாணமாக இருக்கிறது.

மறுநாள் காலை, 'சரியான' முறையில் புதிய பேட்டரியை இணைத்தோம். அப்போது கார் எங்களுக்கு மூன்று அடையாளங்களைக் காட்டிற்று. மூன்றையும் நாங்கள் பொருட்படுத்தவில்லை.

முதல் அடையாளம், வயர் முனைகளில் உள்ள கவ்விகள். பேட்டரியின் இரு முனைகளும் ஒரே பருமன் உள்ளவை அல்ல. இணைப்பு மாறிவிடக் கூடாது என்பதற்காகவே நேர்முனையைச் சற்றுப் பருமனாக வைத்திருக்கிறார்கள். உடலோடு இணைந்த பட்டையின் கவ்வி பெரிதாக இருந்ததால் எதிர்முனையில் அது தொளதொளத்தது. தகரத் துண்டு ஒன்றை மடித்துச் செருகி இறுக்கினோம். மற்றதன் கவ்வி சிறிதாக இருந்ததால் நேர்முனையில் ஏறவில்லை. திருப்புளியால் அகட்டிச் சுத்தியலால் தட்டி ஏற்றினோம். பொருந்தாத ஒன்றைத் தட்டிப் பொருத்துகிறோமே என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை.

சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று அடித்தது. விளக்குகள் எரிந்தன. செல்ப் பிடியை இழுத்ததும் எஞ்சின் சுழன்று, கொஞ்சம் இருமி, ஓடத் தொடங்கிற்று. எங்கள் கணிப்பு சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று மகிழ்ந்தோம். அது சான்றே அல்ல என்பதைப் பின்னர் அறிந்தோம். பல்புக்கு முனை எது என்ற கவலை இல்லை. அந்தக் காலத்து செல்ப் மோட்டார், முனை மாறினாலும் ஒரே திசையில்தான் சுற்றும். பழைய வகைப் பெட்ரோல் பம்பும் எப்படி இணைத்தாலும் அடிக்கும். தவறான இணைப்பிலும் பெரும்பாலானவை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது அடையாளம், சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கு. எஞ்சின் வேகம் எடுத்ததும் அது அணைய வேண்டும். அன்று அது அணையவில்லை. வேகம் கூடக் கூட மேலும் பிரகாசமாயிற்று. மூன்றாவது, கட்டவுட் பெட்டியிலிருந்து வந்த படபட ஓசை. அதைக் கவனிப்பதற்குள் கருகிய நாற்றமும் வெண்புகையும் எழுந்தன. அத்தாவின் பழைய துண்டை வைத்துப் பேட்டரிக் கவ்வியைப் பிடுங்கி எறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ், தீப்பிடிக்கவில்லை.

அப்போதும் எங்கள் குற்றச்சாட்டு மேஸ்திரியின் மீதுதான் திரும்பிற்று. "வயரிங்கே தவறு, அதனால்தான் புகைந்தது" என்றோம். திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "அவரிடம் கேட்டீர்களா?"

நாங்கள் கேட்கவில்லை. அறியாதவர் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்று நமக்குக் கற்பித்திருக்கிறது மார்க்கம். செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். அதே அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் சேர்த்தே விலக்குகிறது. இவற்றை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே ஓதிக் காட்டியிருக்கிறோம். பட்டறை பத்து நிமிடத் தொலைவில் இருந்தும் ஒரு முறை போய்க் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அம்மாவே தொலைபேசியில் அழைத்தார்கள். அன்று மாலையே மேஸ்திரி தம் பழைய டி.வி.எஸ். 50 வண்டியில் வந்து இறங்கினார். "வாங்கண்ணே" என்றார்கள் அம்மா. அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே பானெட்டுக்குப் போனார். அகட்டப்பட்ட கவ்வியை விரலால் தடவினார். பின் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, பேட்டரித் தட்டுக்கு மேலே இரண்டு ஆண்டுத் தூசி படிந்திருந்த தகரத்தைத் துடைத்தார். சிவப்புப் பெயிண்டில், அவருடைய கையெழுத்தில், 'பிளஸ் எர்த்' என்று எழுதியிருந்தது.

"கார் தப்பா இல்ல தம்பி. பொறந்ததே இப்படித்தான்" என்றார்.

அன்று அவர் விளக்கியதையும், பிறகு அந்தக் காரின் கையேட்டில் நாங்கள் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். பேட்டரியின் ஒரு முனையைக் காரின் இரும்பு உடலோடு இணைத்துவிட்டால் அந்த உடலே ஒரு வயர் போலாகிவிடும். திரும்பி வரத் தனி வயர் வேண்டியதில்லை. அப்படி இணைப்பதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். எந்த முனையை உடலோடு இணைப்பது என்பது வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடே தவிர, இயற்கையின் விதி அல்ல. 1930-களின் நடுவிலிருந்து 1960-கள் வரை பிரிட்டிஷ் கார்களுள் பெரும்பாலானவை நேர்முனையையே எர்த் செய்தன. தீப்பொறி எளிதில் பாயும், வயர் முனைகள் குறைவாக அரிக்கும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். டைனமோ போய் ஆல்டர்னேட்டரும், டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவையும் வந்த காலத்தில், எதிர்முனையை எர்த் செய்வதே உலகப் பொது வழக்காயிற்று.

நேர், எதிர் என்ற பெயர்களுமே மனிதர் இட்டவைதாம். 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் அப்பெயர்களை வழங்கினார். 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகுதான், கம்பியில் உண்மையில் நகர்வது எதிர்மின்னேற்றம் உடைய துகள் என்று புலப்பட்டது. நாம் பிளஸிலிருந்து மைனஸுக்கு என்று வரையும் அம்புக்குறிக்கு நேர் மாறான திசையில் அது ஓடுகிறது.

அப்படியானால் எங்கள் காரில் புகை வந்தது ஏன்? டைனமோவின் இரும்பில் எஞ்சி நிற்கும் காந்தத்தன்மையே, அது எந்த முனையாக மின்சாரம் தரும் என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கள் டைனமோ பழைய முறைக்குப் பழகியது. பேட்டரியை நாங்கள் மாற்றிவிட்டோம், டைனமோவை மாற்றவில்லை. எஞ்சின் ஓடியதும் இரண்டும் எதிரெதிராக நின்றன. சிவப்பு விளக்குக்கு இரண்டின் வோல்ட்டும் சேர்ந்து கிடைத்ததால்தான் அது பிரகாசமாக எரிந்தது. டைனமோவின் மின்னழுத்தம் உயர்ந்து கட்டவுட்டின் தொடுமுனைகள் மூடியபோது, கட்டுக்கடங்காத மின்சாரம் அவற்றின் வழியே பாய்ந்து அவற்றைக் கருக்கிவிட்டது. எஞ்சின் இருமியதற்கும் அதுவே காரணம். காயிலின் முனை மாறினால் பிளக்கில் பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும், பொறி வலுவிழந்துவிடும்.

மறுநாள் அவர் பழுதுபார்த்த முறையையும் குறித்து வைக்கிறோம். தாத்தா காலத்துக் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம். முதலில் பேட்டரியை இணைக்காமலே, கருகிய வயர் எதுவரை கருகியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தார். அவர் போட்டிருந்த வயர்கள், கார் தயாரானபோது இருந்த லூக்காஸ் நிற ஒழுங்கிலேயே இருந்தன. பழுப்பு, பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயர், வெள்ளை, சாவி வழியாக வருவது, பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸையும் கடந்து வருவது, நீலம் முகப்பு விளக்குக்கு, சிவப்புச் சிறு விளக்குகளுக்கு, மஞ்சள் டைனமோவுக்கு, கறுப்பு எர்த். பர்மிங்காமின் அந்த லூக்காஸ் நிறுவனம்தான் 1961-இல், மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குடும்பத்தாரோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை தொடங்கியது. நிறம் பார்த்தே வயரை அறியலாம் என்பதால், மனம்போன நிறத்தில் வயர் போடுவது அடுத்து வருபவனுக்குச் செய்யும் துரோகம் என்றார் மேஸ்திரி. அத்தாவின் பதினெட்டாயிரம் எதற்குப் போயிற்று என்று அப்போது புரிந்தது.

பிறகு எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, பேட்டரி முனைக்கும் வயருக்கும் நடுவே ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பைப் பிடித்தார். எங்காவது வயர் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். பெரும் மின்சாரம் பாய்ந்து கெடுக்காமல் பல்பே தடுத்துவிடும். பல்பு எரியவில்லை. கட்டவுட்டின் கருகிய தொடுமுனைகளை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தார். கருகிய ஒரு பழுப்பு வயரை மாற்றினார். பேட்டரியைப் பழையபடி, நேர்முனை உடலுக்கு என்று வைத்து இணைத்தார். கடைசியாக டைனமோவின் இரு வயர்களையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, டைனமோவில் 'எஃப்' என்று குறித்த முனையை ஒரு கணம் தொட்டு எடுத்தார். சிறு பொறி தெறித்தது. நடந்த குழப்பத்தில் டைனமோவின் காந்தமுனை மாறியிருந்தாலும் இது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்றார். வயர்களை மாட்டி எஞ்சினை ஓட்டினார். சிவப்பு விளக்கு அடங்கி அணைந்தது.

"இந்தக் காலத்து வழக்கப்படியே மாற்றிவிட முடியாதா?" என்று கேட்டோம். முடியும் என்றார். டைனமோவின் காந்தமுனையை மாற்ற வேண்டும், காயிலின் வயர்களை இடம் மாற்ற வேண்டும், கவ்விகளை மாற்ற வேண்டும், எழுதி வைத்ததையும் மாற்ற வேண்டும். "மாத்துனா முழுசா மாத்தணும். பாதி மாத்துனா எரியும்" என்றார். நாங்கள் அத்தா விட்டுச் சென்றபடியே வைத்துக்கொண்டோம். இன்னோர் எச்சரிக்கையும் சொன்னார்: பேட்டரி இறங்கிப்போனால் வேறொரு காரை முட்டி நிறுத்தி வயர் கொடுக்கக் கூடாது. அந்தக் காரின் உடல் மைனஸ், இதன் உடல் பிளஸ். உடலும் உடலும் தொட்ட நிலையில் வயரையும் மாட்டினால் பேட்டரியே நேரடியாகச் சுருண்டு தீப்பற்றலாம்.

வேலை முடிந்து கை கழுவும்போது அவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். தவறாக இணைத்துவிட்டதற்காக அல்ல, அவரைப் பற்றிப் பேசியதற்காக என்று திறந்தே சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேள்விப்பட்டேன் தம்பி. ஜீப்காரர் நேத்துக் காலையில வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. ராவுத்தர் இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரு."

அவர் கடிந்து பேசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு எங்கள் மஹல்லாவின் இமாம் அவர்களிடம் இதைச் சொன்னோம். அல்லாஹ்வுக்குச் செய்த தவறு தவ்பாவால் மன்னிக்கப்படலாம். அடியானின் உரிமையைப் பறித்த தவறு, அந்த உரிமை அவனிடம் திரும்பிச் சேரும்வரை நிற்கும் என்றார்கள். அவர் முஸ்லிம் அல்லாதவராயிற்றே என்று எங்களுள் ஒருவர் தயங்கியபோது, அதனால் அவருடைய உரிமை குறைந்துவிடாது என்றார்கள். தனியே கேட்ட மன்னிப்பு, பொதுவில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறாது. எங்கெங்கே சொன்னீர்களோ அங்கங்கே போய்ச் சொல்லுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள்.

போனோம். பள்ளிவாசல் வாசலிலும் தேநீர்க் கடையிலும் "தவறு எங்களுடையது, அவருடைய வேலையில் ஒரு குறையும் இல்லை" என்று பெயர் பெயராகத் தேடிச் சொன்னோம். கேட்டவர்களுள் சிலர் சிரித்தார்கள். ஒருவருக்கு நாங்கள் முதலில் சொன்னது நன்றாக நினைவிருந்தது. திருத்திச் சொன்னதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அவதூறு ஓடும் வேகத்தில் திருத்தம் ஓடுவதில்லை என்பதை அன்று கண்டோம். ஜீப் உறவினரின் வீட்டுக்கு இரண்டு முறை நடந்தோம். மூன்றாவது வாரம் அவர் ஜீப்பைத் திரும்பவும் கூடல்நகர்ப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். தேநீர்க் கடையில் எங்களிடமிருந்து கேட்டவர்கள் யார் யாரிடம் சொன்னார்களோ, அவர்கள் எல்லாரையும் எங்களால் தேட இயலவில்லை. அந்தப் பாக்கி இன்னும் எங்கள் மேல் இருக்கிறது.

நிக்காஹ் நாளன்று அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தி, வைகையைக் கடந்து காஜிமார் தெருவுக்குப் போனோம். வழி முழுதும் அம்மா பேசவில்லை. அத்தா வழக்கமாக ஓதும் பயண துஆவை மட்டும் மெல்ல ஓதினார்கள். திருமண விருந்துக்கு மேஸ்திரியும் வந்திருந்தார். அவரை அழைத்துவந்து அம்மாவின் தம்பியிடம், "இந்தக் காரை இத்தனை காலம் ஓடவைத்தவர் இவர்தான்" என்று அறிமுகம் செய்தோம்.

பிறர் செய்து வைத்ததில் ஒன்று நமக்குத் தலைகீழாகத் தோன்றும்போது, அது எந்த உடன்பாட்டின் மேல் கட்டப்பட்டது என்று செய்தவரிடம் ஒரு சொல் கேட்போம். கவ்வி பொருந்தாதபோது சுத்தியலைத் தேடாமல் நம் கணிப்பைச் சந்தேகிப்போம். வல்ல அல்லாஹ் எங்கள் பிழையைப் பொறுத்தருள்வானாக! எங்கள் அத்தாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம் அனைவரின் நாவுகளையும் பிறரின் மானத்திலிருந்து காப்பானாக! ஆமீன்.